மோட்டார் வண்டியும் நோய்க்குறியும்

மொழி பயில்வாருக்கும் இயந்திரம் பழுது பார்ப்பாருக்கும் யாதோர் இயைபும் இல்லை என்று கருதுவார் பலர். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யாமும் சென்ற ஆண்டுவரை அவ்வாறே கருதியிருந்தோம். எம் சிற்றப்பாவின் வாடகைக் கார் பட்டுக்கோட்டைச் சாலைகளில் மூன்று திங்கள் நின்று நின்று போனதும், அதன் குறை இறுதியில் ஒரு சொல்லை விடாது படித்தமையால் வெளிப்பட்டதும் எம் கருத்தை மாற்றின. அதனால் யாம் கற்றதை ஒருவாறு முறைப்படுத்தி ஈண்டு எழுதுகின்றோம்.

சிற்றப்பா அவ்வண்டி ஒன்றையே நம்பி வாழ்பவர். சுற்றுக் கிராமங்களிலிருந்து நோயாளரைத் தஞ்சைக்கு அழைத்துச் செல்வதே அவருக்குப் பெரும்பான்மையான தொழில். ஓர் இரவு, பேறுகால வேதனையுற்ற பெண் ஒருவரை ஏற்றிச் செல்கையில், ஒரத்தநாட்டுக்கு இப்பால் வண்டி சட்டென நின்றுவிட்டது. பின்னே வந்த வேன் ஒன்று அவரை ஏற்றிச் சென்றது; தாயும் சேயும் நலமே. ஆயினும் அன்றுமுதல் சிற்றப்பாவை இரவில் அழைப்பார் குறைந்தனர்.

உணர்வி என்பது யாது?

முற்காலத்து அம்பாசடர் போன்ற வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர் என்னும் கருவி. புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் கடுமையாகவே, அதன் இடத்தைக் கணிப்பொறியால் ஆளப்படும் பீச்சுமுறை பெற்றது. 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளும், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளும் நாடு முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தன. கணிப்பொறிக்குக் கண்ணும் செவியும் இல்லை. இயந்திரம் எவ்வளவு சூடாக உள்ளது, எவ்வளவு காற்று நுழைகிறது, தண்டு எந்நிலையில் சுழல்கிறது என்பவற்றை அதற்கு அறிவிப்பனவே, பட்டறைகளில் சென்சார் என வழங்கும் உணர்விகள்.

இவற்றுள் தலையாயது கிராங்க் சென்சார். கிராங்க் தண்டோடு சுழலும் பற்சக்கரம் ஒன்றின் அருகே இது பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்குந்தோறும் ஒரு மின்துடிப்பு எழும். பல வண்டிகளில் 60 பற்களுக்குரிய சக்கரத்தில் 58 பற்களே இருக்கும். இரண்டு பற்கள் இல்லாத அவ்விடைவெளியைக் கொண்டே தண்டின் நிலையைக் கணிப்பொறி அறிகிறது. இத்துடிப்பு அற்றுப்போகுமாயின், எப்போது பொறி கொடுப்பது, எப்போது பெட்ரோல் பீச்சுவது என்பது தெரியாமல், பல வண்டிகளில் கணிப்பொறி இரண்டையும் நிறுத்திவிடும், இயந்திரமும் நின்றுவிடும்.

நிற்கும் வகைகள்

வண்டி நின்றது என்பது மட்டும் போதாது. எவ்வாறு நின்றது என்பதே முதலில் வினவற்பாலது. விளக்கை அணைத்தாற்போலச் சட்டென நின்று, சிறிது ஆறியபின் கிளம்புமாயின், கிராங்க் சென்சாரையோ அதன் ஒயரையோ ஐயுறலாம். இழுத்து இழுத்துத் திணறி நிற்குமாயின், பெட்ரோல் பம்பையும் வடிகட்டியையும் முதலில் நோக்குக. ஓடும்போது நன்றாயிருந்து, மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் நிற்குமாயின், காற்று செல்லும் வழியில் அழுக்குப் படிந்திருத்தல் கூடும். சூடான வண்டி கிளம்ப மறுத்துக் கரும்புகை கக்குமாயின், வெப்ப உணர்வி பொய்யுரைக்கலாம். இயந்திரம் குளிர்ந்திருப்பதாக எண்ணிய கணிப்பொறி மிகுதியாகப் பெட்ரோல் கொடுப்பதே அதற்குக் காரணம்.

குறியெண்ணைப் படித்தல்

குறை நேர்ந்தால் கணிப்பொறி அதனை ஒரு குறியெண்ணாகப் பதிந்து வைக்கும். ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்து அதனைப் படிக்கலாம். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட முறையின் குறியெண்களே இன்று உலகெங்கும் பெரிதும் வழங்குகின்றன.

சிற்றப்பாவின் வண்டி காட்டிய எண் பி 0335. அதைக் கண்ட பட்டறையொன்றில் கிராங்க் சென்சாரை மாற்றினர். நான்கு நாள் ஓடிய வண்டி ஐந்தாம் நாள் நின்றது. வேறொரு பட்டறையில், வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சென்சாரையும் மாற்றினர். மீண்டும் நின்றது. இரண்டு சென்சாருக்கும் கூலிக்குமாக ஒரு மாத வருவாய் போயிற்று.

மூன்றாவதாக யாமும் சிற்றப்பாவும் நாடிச் சென்றது நகரின் முதிய மெக்கானிக் ஒருவரை. அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. “தம்பி, எவ்வளவு நேரம் ஓடினால் நிற்கிறது?” என்றார்.

“நாற்பது நிமிடம் ஓடினால் நிற்கிறது, மேஸ்திரி. அரைமணி விட்டால் கிளம்பிவிடுகிறது.”

பின்பு ஸ்கேனரை எம் கையில் கொடுத்து, “கல்லூரியில் படிக்கிற பிள்ளைதானே, என்ன எழுதியிருக்கிறது, படி” என்றார். “கிராங்க் சென்சார்” என்றோம். “முழுவதையும் படி” என்றார். அப்போதுதான் இறுதியில் நின்ற ‘சர்க்யூட்’ என்னும் சொல்லைக் கண்டோம். சென்சார் கெட்டது என்று கணிப்பொறி கூறவில்லை. அந்தச் சென்சாரின் மின்சுற்றில் குறை என்றே கூறியிருந்தது. சுற்று என்பது சென்சாரும், ஒயரும், இவற்றை இணைக்கும் கப்ளரும், கணிப்பொறியும் ஆகிய அனைத்தும் சேர்ந்தது. இதனை அடுத்துள்ள எண்களும் வேறு வேறு பொருளுடையன: 0336 துடிப்பு ஒழுங்காக இல்லை என்பதையும், 0339 அது விட்டு விட்டு அறுகிறது என்பதையும் குறிக்கும். பாடலில் ஒரு சொல்லை விட்டால் பொருள் கெடும் என்று பிறருக்கு உரைக்கும் யாமே ஒரு சொல்லை விட்டுப் படித்தோம்.

சோதிக்கும் முறை

இயந்திரம் சூடேறி ஓடுகையில், மெக்கானிக் சென்சாரின் ஒயரை மட்டும் மெல்ல அசைத்தார். வண்டி உடனே நின்றது. ஒயரைத் தாங்கும் பிடிப்பு ஒன்று உடைந்திருந்தமையால், அது தாழ்ந்து புகைக்குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. உறை உருகி, உள்ளிருந்த செம்பு வெளிப்பட்டுக் குழாயில் பட்டபோதெல்லாம் துடிப்பு தொலைந்தது. முதற் பட்டறையில் சென்சாரை மாற்றியபோது ஒயர் சற்று விலகிற்று. அதனாலேயே நான்கு நாள் ஓடிற்று. அவர் அவ்வொயரைப் புதுப்பித்து, மேலே உயர்த்திக் கட்டினார். வண்டி அதன்பின் நிற்கவில்லை.

கழற்றிப்போட்ட பழைய சென்சாரை யாமே மல்ட்டிமீட்டரால் அளந்தோம். இரண்டு ஒயர் கொண்ட காயில் வகையில் மின்தடை பெரும்பாலும் சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சில நூறு ஓம்வரை இருக்கும்; அந்தந்த வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் காண்க. பழையது அவ்வளவுக்குள்ளேயே இருந்தது. ஆறிய நிலையில் மட்டும் அளத்தல் போதாது என்றமையால் சூடாக்கியும் அளந்தோம், அப்போதும் அறுபடவில்லை. மூன்று ஒயர் கொண்ட ஹால் வகையை இவ்வாறு அளத்தல் கூடாது. அதற்கு வரும் மின்னழுத்தத்தையும் அது தரும் துடிப்பையுமே நோக்க வேண்டும்.

எம் பகுதிக்கே உரிய காரணங்களும் சில உண்டு. அதிராம்பட்டினத்து உப்பளக் காற்றில் கப்ளரின் செம்பு முனைகள் பச்சை பூத்துப்போகும். வயலோரம் நிறுத்திய வண்டிகளில் எலி ஒயரைக் கடிக்கும். ஆதலின், சென்சாரை வாங்குமுன் கப்ளரைக் கழற்றிப் பார்த்தல் நலம்.

மாற்றும் முறை

சென்சாரே கெட்டது என்று சோதனையால் தெளிந்தபின், குறியெண்ணைக் குறித்துக்கொண்டு, இயந்திரத்தை ஆறவிட்டு, பாட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுக. கப்ளரின் பூட்டை அழுத்தி விடுவித்து, போல்ட்டைக் கழற்றி, சென்சாரைச் சுழற்றியவாறு வெளியே எடுக்க. அது அமரும் இடத்தைத் துடைத்து, புதிய ரப்பர் வளையத்திற்கு ஒரு துளி எண்ணெய் இட்டுப் பொருத்துக. சுத்தியால் தட்டுதல் ஆகாது. ஒயரைப் பழைய பிடிப்புகளிலேயே கட்டுக. சில வண்டிகளில் புதிய சென்சாரை ஸ்கேனர்வழி கணிப்பொறிக்கு அறிமுகம் செய்தலும் வேண்டும். குறியெண்ணை அழித்தபின், முன்பு எவ்வளவு நேரத்தில் நின்றதோ அதற்கும் மேலாக ஓட்டிப் பார்த்தலே முடிவான சோதனை.

ஓடுகையில் வண்டி நின்றால் பதறற்க. ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் துணைவிசை ஓரிரு மிதிப்புக்கே எஞ்சியிருக்கும். ஆகையால் விட்டு விட்டு மிதியாது ஒரே சீராக அழுத்தி, சாலையோரம் ஒதுக்கி, நான்கு விளக்குகளையும் மின்னவிடுக.

முடிவுரை

நோயையும் நோயின் காரணத்தையும் வெவ்வேறாக ஆராயுமாறு திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வற்புறுத்துதலை யாம் தேர்வுக்காகப் படித்திருந்தோம்; பட்டறையிலேதான் அது விளங்கிற்று. குறியெண் சாட்சியேயன்றித் தீர்ப்பு அன்று. சாட்சியின் சொல்லை முழுவதும் கேளாமல் தண்டித்தமையால் இரண்டு நல்ல சென்சார்கள் குற்றவாளிகளாயின. ஓர் ஏழைக் குடும்பம் ஒரு மாத வருவாயை இழந்தது.

சிற்றப்பாவை இப்போது இரவிலும் அழைக்கின்றனர். பழைய சென்சார்கள் இரண்டும் வண்டியின் பெட்டிக்குள் இன்னும் இருக்கின்றன. “இருக்கட்டும், வழியில் உதவும்” என்கிறார் அவர்.