ஊர் நடத்தும் தொலைக்காட்சி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் கேபிள் நிறுவனம் ஊர்த் தெருக்களில் குழி தோண்டியும் கம்பங்களில் ஒயர் இழுத்தும்தான் தொழில் செய்கிறது. அந்த இடத்தைக் கொடுக்கும் ஊர், பதிலுக்குச் சானலும் பணமும் கேட்கலாம் என்கிறது 1984-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம். பொதுமக்கள், பள்ளி, உள்ளாட்சி ஆகிய மூன்றுக்குமான சமூகத் தொலைக்காட்சி இப்படித்தான் நடக்கிறது. டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் உரிமம் தருவது மாநிலத்தின் கைக்குப் போய்விட்டது. மாசசூசெட்ஸில் இன்னும் பெரும்பாலும் மேயரோ ஊர் நிர்வாகக் குழுவோதான் தருகிறார்கள். அங்கே கேபிள் ஆலோசனைக் குழுவுக்கும் நிலையப் பொறுப்புக்கும் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

● பொறுப்பேற்றதும் உரிமம் முடியும் தேதியைப் பாருங்கள். முறையான புதுப்பிப்பு நடவடிக்கை தொடங்கும் காலம், காலாவதிக்கு 36 மாதம் முன்பிருந்து 30 மாதம் முன்பு வரை. அதற்குள் பொது விசாரணையைத் தொடங்கி, ஊரின் தேவைகளையும் நிறுவனம் இதுவரை நடந்துகொண்ட விதத்தையும் பதிவு செய்யுங்கள். ஊர் மன்றக் கூட்டத்துக்கு நடந்து வர முடியாத முதியவர், அதைச் சானலில் வீட்டிலிருந்தே பார்ப்பதாகச் சொன்னால் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பேரம் முற்றும்போது கையில் இருக்கும் ஆதாரம் இதுதான். மாசசூசெட்ஸில் புதுப்பித்த உரிமம் பத்தாண்டு வரை நீடிக்கலாம். இப்போது கோட்டை விட்டால் அத்தனை காலமும் தவிக்க வேண்டியதுதான்.

● இத்தனை சானல் என்பதோடு ஒப்பந்தத்தை முடித்துவிடாதீர்கள். ஹெச்டி தரம், முன்னறிவிப்பின்றிச் சானல் எண்ணை மாற்றாமை, செட்டாப் பாக்ஸ் பட்டியலில் நிகழ்ச்சியின் பெயர் தெரிவது என எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பட்டியலில் வெறுமனே ‘உள்ளூர் நிகழ்ச்சி’ என்று போட்டால், பள்ளிக் குழுக் கூட்டத்தைத் தேடுகிறவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

● கேமரா, ஸ்டூடியோ போன்ற மூலதனச் செலவுக்கான தொகையைத் தனியாகக் கேளுங்கள். உரிமக் கட்டணத்தின் உச்சவரம்பு, கேபிள் சேவையின் மொத்த வருவாயில் 5 சதவீதம். மூலதனத் தொகை அந்த வரம்புக்குள் வராது. பொருளாகவோ சேவையாகவோ தருவதில் பலவற்றை வரம்புக்குள் கணக்கிடலாம் என்று மத்திய தகவல் தொடர்பு ஆணையம் 2019-இல் உத்தரவிட்டது. அப்படிக் கணக்கிடும்போது சந்தை விலையை எடுக்கக்கூடாது, நிறுவனத்துக்கு அதனால் கூடுதலாக ஆகும் செலவைத்தான் எடுக்க வேண்டும் என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருத்தியது. இலவச இணைப்பும் இந்தக் கணக்கில் சேரலாம் என்பதால், அதை ஏற்கும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

● மன்றக் கூட்டத்தைப் பதிவு செய்யும்போது, பொதுமக்கள் எழுந்து பேசும் மைக்கை முதலில் சோதியுங்கள். உறுப்பினர்கள் பேசுவது தெளிவாகவும் கேள்வி கேட்ட குடிமகன் பேசுவது முணுமுணுப்பாகவும் பதிவானால் பாதிக் கூட்டம் போய்விட்டது.

செய்யக்கூடாதவை

● கூட்டத்தை வெட்டி ஒட்டாதீர்கள். தலைவர் சுத்தியல் தட்டியது முதல் கலைவது வரை அப்படியே போகட்டும்.

● குறை சொல்கிறவரை வெளியே தள்ளாதீர்கள். மன்ஹாட்டன் சமூகச் சானல் வழக்கில், நிலையத்தை விமர்சித்துப் படம் எடுத்த இருவர் விலக்கப்பட்டார்கள். சானலை நடத்தும் தனியார் அமைப்பை அரசின் அங்கமாகக் கருத முடியாது, எனவே பேச்சுரிமை விதி அதைக் கட்டுப்படுத்தாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விமர்சனத்துக்கு இடமில்லாத ஊர்ச் சானலுக்கு ஊர் எதற்குப் பணம் தர வேண்டும்? நகர நிர்வாகமே நேரடியாக நடத்தும் சானல் என்றால், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தரும் பேச்சுரிமை எப்படியும் குறுக்கே நிற்கும்.

● உரிமக் கட்டணத்தை மட்டும் நம்பாதீர்கள். அது கேபிள் வருவாயில் மட்டும்தான் கணக்கிடப்படுகிறது, இணைய வருவாயில் அல்ல. கேபிளைத் துண்டிக்கும் ஒவ்வொரு வீட்டோடும் உங்கள் வரவும் குறையும். நன்கொடை, பயிற்சி வகுப்பு, பள்ளியுடன் கூட்டு என்று இப்போதே வேறு வழி பாருங்கள்.

● முடிந்துபோன பனிப்புயலுக்கான பார்க்கிங் தடையைச் சானலின் அறிவிப்புப் பலகையில் ஓட விடாதீர்கள். அடுத்த அறிவிப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

● பாட்டு உரிமையை உறுதி செய்யாமல் எதையும் ஒளிபரப்பாதீர்கள். உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவை ஊர்ச் சானலில் போடுவது அருமையான விஷயம், அவசியம் போடுங்கள். ஆனால் பிள்ளைகள் ஆடுவது சினிமாப் பாட்டுக்கு என்றால், அனுமதி இருக்கிறதா என்று ஒளிபரப்புக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் அந்த நடனத்தை விட்டுவிட்டு நாடகத்தையும் திருக்குறள் ஒப்புவித்தலையும் போடலாம்.