இயற்பியல் படித்தால் வேலை கிடைக்குமா?

என் மகள் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இன்ஜினீயரிங் வேண்டாம், இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திண்டிவனம்

சொந்தக்காரர்களுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மகளை ஐசர் நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைத்தான் அப்படிச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாட்டில் மொத்தம் ஏழு. உங்களுக்குப் பக்கம் திருப்பதி. பிளஸ் டூ முடித்ததும் நேராக ஐந்து வருடப் படிப்பு, இளநிலையும் முதுநிலையும் சேர்ந்தே வந்துவிடும்.

பணமா? பொதுத்தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுப்பவர்களுக்கு மத்திய அரசின் ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பிறகு ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால், பிஎச்.டி. செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய். ‘இன்னும் எத்தனை வருஷம் படிப்பாளாம்?’ என்று இழுக்கும் மாமாவிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள், குரல் தானாக இறங்கும்.

ஐசர் நுழைவுத்தேர்வில் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15. பத்தாம் வகுப்போடு தவளைக்கு விடைகொடுத்த உங்கள் மகள் உயிரியல் என்றதும் மிரளக்கூடும். மற்ற மூன்றிலும் கெட்டியாக இருந்தால் போதும், சமாளித்துவிடலாம். தப்பான விடைக்கு ஒரு மார்க் குறையும் என்பதால் குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டாம். என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தில் மரபியலை மட்டும் இப்போதே தொடங்கட்டும். கணக்குப் பிடித்தவர்களுக்கு அது சுலபமாக வரும்.