குறுக்கே அழுந்தும் மரம்

அன்புள்ள தம்பிக்கு,

சூரிக்கிலிருந்து நீ அனுப்பிய தளக் கணக்கைப் பார்த்தேன். கீழே பலகைகளை ஒட்டிச் செய்த மர உத்தரம், மேலே கான்கிரீட், உத்தரத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடம். வலிமைக் கணக்கில் குறையில்லை. ஆனால் வடத்தை இழுத்த அன்றிருந்த விசையையே கடைசிவரை வைத்துக்கொண்டு போயிருக்கிறாய். அதுதான் உறுத்துகிறது.

மரம் சுமையின் கீழ் ஆண்டுக்கணக்கில் தொய்ந்துகொண்டே இருக்கும். இந்த நாள்பட்ட தொய்வுக்குப் பெயர் க்ரீப். உலர்ந்த உள்ளறை என்றால், மரக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதிநூல் யூரோகோடு 5 தரும் க்ரீப் எண் 0.6. நிலையான சுமையில் இன்று 10 மி.மீ. தொய்ந்த வெறும் உத்தரம் கடைசியில் 16 மி.மீ. வரும். மரத்தையும் கான்கிரீட்டையும் பிணைக்கும் ஸ்க்ரூக்களின் நழுவலும் நாள்பட நாள்படக் கூடும். போதாததற்கு, மேலிருக்கும் கான்கிரீட் காயும்போது சுருங்கித் தளத்தைக் கீழ்நோக்கி வளைக்கும். ஆள் நடமாடாத தளமும் தொய்வது இதனால்தான். உன் தாளில் நாள்பட்ட தொய்வுக்கான வரியே இல்லை.

இது தொய்வின் கதை. வடம் நாள்பட இழக்கும் விசைக்கு வேறிடத்தைப் பார். வடம் உத்தரத்தை நார் ஓடும் திசையில் அழுத்துகிறது. அதை மரம் நன்றாகவே தாங்கும். அதே வடம் தூணைத் துளைத்துப் போகிறதே, அங்கே அழுத்தம் நாருக்குக் குறுக்கே விழுகிறது. ஸ்ப்ரூஸின் குறுக்கு விறைப்பு, நெடுக்கு விறைப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் தேறும். (எந்த ஆசாரியும் கணக்குப் போடாமலே இதைச் சொல்வார்.) அதனால் அங்கே மரம் நாள்பட அழுந்த, வடம் தளரும். உன் ஊரிலேயே ஈ.டி.எச். பல்கலைக்கழக வளாகத்தில் 2015-இல் திறந்த 'ஹவுஸ் ஆஃப் நேச்சுரல் ரிசோர்ஸஸ்' கட்டடத்தைப் போய்ப் பார்; அதுவும் வடம் இழுத்துக் கட்டிய மரச்சட்டகம்தான். உத்தரங்களில் ஸ்ப்ரூஸைப் பயன்படுத்தியவர்கள் தூண்களுக்கு, குறுக்கு அழுத்தத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் ஆஷ் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வடத்தின் விசையை அளக்க லோடு செல்களும் வைத்தார்கள்.

இந்தத் தளர்ச்சி பாலங்களிலும் தெரிந்ததுதான். கனடாவின் ஒண்டாரியோவில் 1970-களில் பாலத்துப் பலகைகளைக் குறுக்கே கம்பி போட்டு இறுக்கத் தொடங்கினார்கள். அங்கே அழுத்தம் முழுக்கக் குறுக்குவாட்டில்தான். அதனால் ஒருமுறை இறுக்கியதோடு விடாமல், சில வாரங்களுக்குள் மறுபடியும் இறுக்குவது வழக்கமாயிற்று.

ஆகவே, பின்னால் மறுபடி இறுக்க வழி வை. வடத்தைச் சுற்றிக் கிரௌட் (சிமெண்ட் கலவை) ஊற்றாதே. வடத்தின் முனையைப் பிடிக்கும் ஆங்கருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வடத்தின் வால் அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டச் சொல்வார்கள். வெட்டினால் வடத்தை இழுக்கும் ஜாக்குக்குப் பிடிமானம் போய்விடும். ஆங்கரை ஜிப்சம் பலகையால் மூடியே ஆகவேண்டும் என்றால், திறந்து மூடும் ஒரு கதவுக்காவது சண்டை போடு.

இன்னொன்று. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி மரம் காயும், சுருங்கும், விசையும் இறங்கும். கோடையில் ஈரம் ஏறினால் அதில் கொஞ்சம் திரும்ப வரும். முதல் இறக்கத்தைப் பார்த்ததும் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. நீயும் லோடு செல் வை; அதன் பதிவோடு அறையின் ஈரப்பதப் பதிவையும் பக்கத்தில் வைத்து, இரண்டு குளிர்காலமாவது பார்த்துவிட்டு முடிவு செய்.

அன்புடன்,
அண்ணன்