கான்ட்ராக்டர் கேட்ட கடன்



சென்ற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். "ஹஜ்ரத், 3 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். வட்டி ஹராம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மறுநாள் சனிக்கிழமை, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக் கூலி கொடுக்க வேண்டும். கம்பிக் கடைக்காரரும் நெருக்குகிறார். "கூடாது" என்ற ஒரே சொல்லோடு அவரை அனுப்பியிருந்தால் வேறொரு கதவைத் தட்டியிருப்பார். அதனால் உட்கார வைத்து, "உங்களுக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

மாதச் சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவரிடம் அது இல்லை. அதனால் வங்கி அவரிடம் வேறு காகிதங்களைக் கேட்கிறது: இரண்டு, மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன், வங்கிக் கணக்கின் வரவு செலவு, ஜி.எஸ்.டி. இருந்தால் அந்தக் கணக்கு, சிபில் மதிப்பெண். நம் கான்ட்ராக்டர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பாதிப் பணம் ரொக்கமாக வந்து ரொக்கமாகவே போகிறது. வங்கியில் சுவடே இல்லை. ரிட்டர்ன் போடுகிறவர்களிலும் பலர், கணக்குப் புத்தகம் இல்லாமலே வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய வழியில் போகிறார்கள். சட்டம் அனுமதித்த வழிதான், குறையில்லை. ஆனால் வருடத்தில் 40 லட்சத்துக்கு வேலை செய்தவரின் வருமானம் காகிதத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம் என்று நிற்கும். வங்கி அதைத்தான் பார்க்கும்.

அப்போது ஒரு ஏஜென்ட் வருவார். "பாய், வருமானத்தைக் கூட்டிப் போட்டு ரிட்டர்னை ரெடி பண்ணித் தர்றேன்" என்பார். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மாறு செய்கிறான் என்று காரணம் சொன்னார்கள். இங்கே கடன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பொய் வந்துவிடுகிறதே!

வங்கி மறுத்தால் அடுத்தது தனியார் பைனான்ஸ். "12 சதவீதம்தான், ஃபிளாட் ரேட்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லட்சம் வாங்கி 12 மாதத்தில் கட்டினால் வட்டி 12 ஆயிரம். மாதத் தவணை ஏறக்குறைய 9,333 ரூபாய். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 1 லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலை வைத்துப் பார்த்தால் அது வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல். 2024 அக்டோபர் 1 முதல், உண்மையான ஆண்டு விகிதத்தைத் தனித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. வட்டி 1 சதவீதமானாலும் ஹராம்தான். ஹராம் என்று தெரிந்தும் கையெழுத்துப் போடப் போகிறவர், எதில் போடுகிறோம் என்பதையாவது அந்தத் தாளில் பார்க்கட்டும்.

சரி, ஹலாலான வழி என்ன?

முதல் வழி, கடனே வாங்காமல் தொழிலை நடத்துவது. ஹனஃபி சட்ட நூல்களில் 'இஸ்திஸ்னாஃ' என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. செய்து தரச் சொல்லி ஒப்பந்தம் பேசும் பொருளுக்குப் பணத்தை முன்கூட்டியோ தவணையாகவோ கொடுக்கலாம். வீடு கட்டுவது இதில் அப்படியே பொருந்தும். பேஸ்மென்ட்டுக்கு முன் ஒரு தொகை, லிண்டலுக்கு முன் ஒரு தொகை, கான்கிரீட் போடுமுன் ஒரு தொகை என்று எழுதி வாங்குங்கள். வேலை கைநழுவிப் போகும் என்று பயந்து நீங்கள் அட்வான்ஸ் கேட்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் சொந்தக் காசில் தொடங்கினால் வீட்டுக்காரருக்கு நீங்களே கடன் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதே சமயம், ஒரு வீட்டு அட்வான்ஸை இன்னொரு வீட்டுக் கம்பிக்குக் கொடுக்காதீர்கள். சிரமங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, அழகிய கடன். நம் ஊர்களில் பல ஜமாஅத்துகள் பைத்துல்மால் மூலமும் வட்டியில்லாக் கடன் திட்டம் மூலமும் கொடுத்து வருகின்றன. ஆனால் "நம்ம பள்ளிவாசல் பணம்தானே" என்று வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். வங்கி கேட்ட அதே கணக்கை இங்கேயும் கொண்டு வாருங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (அல்குர்ஆன் 2:282). எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், வாசகத்தைக் கடன்பட்டவரே சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிய தொகையானாலும் சலிப்படையக் கூடாது என்று அல்லாஹ் விவரமாகச் சொல்கிறான். தவணையும் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். "பில் வந்ததும் தர்றேன்" என்பது தவணை ஆகாது. பில் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியாது. தேதி போடுங்கள், பில் தாமதமாகும் என்று எதிர்பார்த்து, ஒரு மாதம் தள்ளியே போடுங்கள்.

அடகு வைக்க வெட்கப்பட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதரிடம் கோதுமைக்காக அல்ல, வெறும் வாற்கோதுமைக்காகத் தம் கவசத்தை அடகு வைத்திருந்தார்கள். வஃபாத்தாகும்போதும் அது மீட்கப்படவில்லை. வீட்டில் இருக்கும் நகையை வட்டியில்லா நகைக்கடனுக்கு வைத்தால், கொடுப்பவருக்கும் நிம்மதி, கடன் பெட்டியும் காலியாகாது. கடனாளியான ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழ வைக்க நபியவர்கள் முன்வராமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழ வைத்ததும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தப் பதிலுக்கு வருகிறேன். அந்தச் சகோதரருக்கு வர வேண்டிய பாக்கி 4 லட்சத்து 20 ஆயிரம். கேட்க வந்த கடனோ 3 லட்சம். மூன்று வீட்டுக்காரர்கள் தர வேண்டும். அதில் இருவர் இந்தப் பள்ளியில் தொழுகிறவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரியும்.

ஒருவர் பாத்ரூமில் டைல்ஸ் சரியில்லை என்கிறார். டைல்ஸை மாற்ற என்ன செலவாகுமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. அதற்காக 1 லட்சத்து 60 ஆயிரத்தையும் நிறுத்தி வைப்பது என்ன கணக்கு? இன்னொருவர் காரணமே சொல்லவில்லை, போனை எடுப்பதில்லை. வசதியுள்ளவன் கொடுக்க வேண்டியதை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறான் அல்லாஹ் (அல்குர்ஆன் 2:280). புது வீட்டில் ஏசி மாட்டிக் குடியேறியவர் அந்த அவகாசத்தைக் கேட்க முடியாது. அவர் நிறுத்தி வைத்த பணத்துக்காகத்தான் இன்னொருவர் வட்டிக் கடையின் படியேறப் போகிறார்.

ஜும்ஆ முடிந்ததும் மதரஸா அறையில் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் இருப்பார்கள். கடன் கேட்பவர்கள் பாஸ் புத்தகம், ஒப்பந்தத் தாள், இரண்டு ஜாமீன்தாரர்களோடு வாருங்கள். பாக்கி வைத்திருக்கும் அந்த இருவரும் அங்கே வர வேண்டியதில்லை. ஒரு போன் போட்டால் போதும். நாளை சனிக்கிழமை. மாலை 5 மணிக்குக் கூலி கொடுக்க வேண்டும்.