விகிதம் அறிந்த பலகணி

மனைக்குக் கண் போன்றது பலகணி. அதனைக் 'காலதர்' என்றும் பழந்தமிழர் வழங்கினர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்திலே இச்சொல் பயின்று வருகின்றது. இன்று நம் இல்லங்களில் வழங்கும் 'யன்னல்' போர்த்துக்கேயர் வழியே வந்த சொல்லாகும். பெயர் எதுவாயினும், அதனை வரைந்து கொடுப்பவனுடைய பொறுப்பு ஒன்றே. அவன் இழுக்கும் கோட்டை நம்பி ஒரு தச்சன் மரத்தை அறுக்கின்றான்.

கணினியிற் படம் வரையும் தொழிலிலே புகும் இளைய மாணவர்க்குப் பயன்படுமாறு, அளவை மாற்றினும் அமைப்புக் குலையாத பலகணியை ஆக்கும் முறையை ஈண்டுக் கூற எண்ணினோம். இதனை எமக்குக் கற்பித்தது யாம் செய்த ஒரு பிழை. ஆதலின் முதலில் அதனைச் சொல்லுதல் முறை.

யாம் செய்த பிழை

கண்டிக்கு அண்மையில், மலைச்சரிவொன்றிலே ஒரு பொதுமண்டபம் எழுந்துகொண்டிருந்த காலம். பழைய மாணவராகிய எம்மிருவரிடம் படம் வரையும் பணி ஒப்படைக்கப்பட்டிருந்தது. முகப்பிலே 1200 மி.மீ. அகலமுள்ள வளைவுப் பலகணிகள். பக்கச் சுவரிலே அதே வடிவில் 900 மி.மீ. அகலமுள்ளவை பன்னிரண்டு. பெரியதை வரைந்து முடித்தோம். சிறியதைப் புதிதாக வரையச் சோம்பி, பெரியதைப் படியெடுத்து, 'ஸ்கேல்' என்னும் கட்டளையால் முக்காற் பங்காகச் சுருக்கினோம். திரையில் அது அழகாகவே தோன்றியது. படம் பட்டறைக்குச் சென்றது.

தலைமைத் தச்சர் அப்போது வெளியூர் சென்றிருந்தார். அவருடைய பட்டறை இளைஞர் படத்தில் உள்ளவாறே பலாமரத்தை அறுத்துவிட்டனர். திரும்பி வந்தவர் எம்மை அழைத்து, சுவரோரத்தில் அடுக்கியிருந்த சட்டங்களைக் காட்டினார். அவர் சினக்கவில்லை. "தம்பிமார், யன்னல் சிறுத்தால் அகலம் குறையும், மரத்தின் தடிப்பு ஏன் குறைந்தது?" என்று மட்டும் கேட்டார்.

75 மி.மீ. இருக்கவேண்டிய நிலைச்சட்டம் 56 மி.மீ. ஆகியிருந்தது. கதவு படியும் வெட்டும் அவ்வாறே சுருங்கியிருந்தது. 20 மி.மீ. கம்பிக்குரிய துளை 15 மி.மீ. என்றிருந்தது. மரத்தின் விலையையும் இளைஞரின் கூலியையும் எம் ஊதியத்திலிருந்து கொடுத்துத் தீர்த்தோம். அந்தப் பலாமரம் வளர்ந்த ஆண்டுகளை எவராலும் கொடுக்க இயலவில்லை.

முன்னோர் கண்ட நெறி

பிழை எங்கே? பலகணியின் அளவுகள் மூவகைப்படும் என்பதை யாம் அறியாதிருந்ததே பிழை. நாம் விரும்பியவாறு மாற்றுவன ஒருவகை. அகலமும் உயரமும் அத்தகையன. எக்காலும் மாறாதிருப்பன மற்றொரு வகை. சட்டத்தின் தடிப்பும் கம்பியின் விட்டமும் அத்தகையன. பிறிதோர் அளவைப் பற்றி நின்று அதனோடு மாறுவன மூன்றாம் வகை; வளைவின் ஏற்றமும் கம்பிகளின் எண்ணிக்கையும் அத்தகையன. 'ஸ்கேல்' கட்டளை இவ்வேறுபாட்டை அறியாது. எல்லாவற்றையும் ஒருசேரச் சுருக்கும்.

இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் கைவேலையைக் கண்டி நகரிலேயே காணலாம். வாவிக்கரையிலுள்ள முகில்வடிவச் சுவரிலே விளக்கேற்றுவதற்கான முக்கோணப் பிறைகள் வரிசையாக உள்ளன. சுவர் நீள நீளப் பிறைகளின் தொகை கூடுகின்றதேயன்றி ஒரு பிறையின் அளவு பெருக்கவில்லை. 1783ஆம் ஆண்டில், இராஜாதி ராஜசிங்க மன்னன் காலத்திலே தொடங்கப்பட்ட 'மகுல் மடுவ' என்னும் அரச மண்டபத்தை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நீட்டியபோதும், இருந்த தூண்களோடு மேலும் தூண்களைச் சேர்த்தனர். மயமதம், மானசாரம் முதலிய சிற்பநூல்களும் ஓரளவுக்கும் மற்றோரளவுக்கும் உள்ள விகிதத்தையே விரிவாகப் பேசுகின்றன. விக்கிரகக் கலையில் முகத்தின் நீளத்தையே 'தாலம்' என்னும் அலகாகக் கொண்டு மேனி முழுவதையும் வகுப்பர்.

இந்நெறி கணினிக்கு வந்தது 1963ஆம் ஆண்டிலாகும். மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து என்பார் தம் ஆராய்ச்சிக்காக ஆக்கிய 'ஸ்கெட்ச்பாட்' என்னும் செயலியில், இரு கோடுகள் இணையாக நிற்கவும் இரு நீளங்கள் சமமாக இருக்கவும் கட்டளையிட முடிந்தது. பின்னர் ஓட்டோகாட் செயலியின் 2006 பதிப்பில் மாறியல் தொகுதிகளும், 2010 பதிப்பில் வடிவக் கட்டுப்பாடுகளும் இடம்பெற்றன. விலையின்றிக் கிடைக்கும் பிரீகாட் செயலியிலும் இவ்வசதி உண்டு. பொருள் வசதியற்ற மாணவர் அதனைக் கொண்டே பயிலலாம்.

ஆக்கும் முறை

முதலாவது, அளவுகளுக்குப் பெயரிடுக. பிரீகாட்டில் உள்ள அட்டவணைத் தாளில் அகலம் 1200, மொத்த உயரம் 1500, சட்டம் 75, கம்பி 20, இடைவெளியின் மேலெல்லை 100 என எழுதுக. பின்னர் வரையுமிடத்து எண்ணை எழுதாது பெயரையே எழுதுக.

இரண்டாவது, வெளிக்கோட்டை வரைக. அடியில் ஒரு கோடு, இருபுறமும் இரு நிலைக்கோடுகள், மேலே ஒரு வில். அடிக்கோட்டின் நடுப்புள்ளியை ஆதிப்புள்ளியில் நிறுத்தி, இருபுறத்தையும் சமச்சீராகக் கட்டுக. அப்போதுதான் அகலம் மாறும்போது பலகணி ஒருபுறமாக நகராது.

மூன்றாவது, வளைவை அகலத்தோடு பிணைக்க. ஏற்றம் அகலத்தில் ஆறிலொன்று எனக் கொள்வோம். அகலத்தின் வர்க்கத்தை ஏற்றத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஏற்றத்தின் பாதியைக் கூட்டினால் வில்லின் ஆரை கிடைக்கும். இவ்விகிதத்தில் ஆரை எப்போதும் அகலத்தில் ஆறில் ஐந்தாகும். 1200 அகலத்துக்கு ஏற்றம் 200, ஆரை 1000. 900 அகலத்துக்கு ஏற்றம் 150, ஆரை 750.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிலைக்கோட்டின் உயரத்தை மாறாது வைத்தால், அகலம் கூடுந்தோறும் வளைவின் உச்சி மேலேறி விட்டத்தை முட்டும். ஆதலால் மொத்த உயரத்தையே நிலையாகக் கொண்டு, அதிலிருந்து ஏற்றத்தைக் கழித்து நிலைக்கோட்டைப் பெறுக. முன் கூறிய இரண்டிலும் அது முறையே 1300, 1350 ஆகும். சுவர் நெடுகிலும் உச்சிகள் ஒரே மட்டத்தில் நிற்கும்.

நான்காவது, சட்டத்தின் உட்கோட்டை எல்லாப் பக்கத்தும் 75 மி.மீ. உள்ளே அமைக்க. உள்வில்லுக்கும் வெளிவில்லுக்கும் மையம் ஒன்றே. ஆரை மட்டும் 75 குறையும். அப்போது உள்வில் பக்கச் சட்டத்தைத் தொடுமிடம், வெளிவில் தொடங்குமிடத்துக்குச் சற்றுக் கீழே விழும். 1200 அகலத்தில் அது ஏறக்குறைய 38 மி.மீ. இதனைப் பிழையென மயங்கி மேலே இழுத்தால் வளைவின் தடிப்புக் குலையும்.

ஐந்தாவது, கம்பிகள். குழந்தையின் தலை நுழையாதபடி இடைவெளி 100 மி.மீ.க்கு மேற்படலாகாது எனக் கொள்வோம். உள்ளகலத்திலிருந்து 100ஐக் கழித்து, இடைவெளியும் கம்பியும் சேர்ந்த 120ஆல் வகுத்து, வரும் பின்னத்தை மேல்நோக்கி முழுவெண்ணாக்குக. உள்ளகலம் 1050 ஆயின் 8 கம்பிகள். இடைவெளி 99க்குச் சற்றுக் குறைவு. உள்ளகலம் 750 ஆயின் 6 கம்பிகள். இடைவெளி சரியாக 90.

கட்டுப்பாடுகள் நிறைவுற்றதும் பிரீகாட்டில் வரைபடம் பச்சை நிறமாகும். அத்துடன் அமைதியுறலாகாது. அகலத்தை 600, 900, 1500 என மாற்றி, ஒவ்வொரு முறையும் சட்டத்தின் தடிப்பை அளந்து பார்க்க வேண்டும். மிக அகன்றால் கதவு கனத்துத் தொங்கும். அப்போது நடுச்சட்டம் தேவைப்படும். ஆகவே எந்த எல்லைக்குள் அப்படம் செல்லும் என்பதையும் எழுதிவைத்தல் நன்று. ஓட்டோகாட் தொகுதியில் கீழெல்லை, மேலெல்லை, படிமுறை ஆகியவற்றை முன்னரே வரையறுக்கலாம்.

முடிவுரை

இப்போது யாம் எந்தப் பலகணியை வரையத் தொடங்கினும், 'இதில் மாறலாகாதது எது?' என்று முதலில் எழுதிக்கொள்கின்றோம். எம் மேசையின்மேல் 56 மி.மீ. தடிப்புள்ள பலாத்துண்டு ஒன்று தாள்கள் பறவாதிருக்கப் பாரமாகக் கிடக்கின்றது. அதனைத் தந்தவர் அத்தச்சரே. பன்னிரண்டு யன்னல்களையும் அவர் இரண்டாம் முறை செய்து பொருத்தினார். மண்டபத்தில் அவை இன்றும் செவ்வனே திறந்து மூடுகின்றன. இம்மலரைப் படிக்கும் இளையோர் மரத்தை இழக்காமலே இப்பாடத்தைக் கற்பாராக.