கியர் விழாததற்கெல்லாம் கிளட்ச் பிளேட்டா?

கார் வைத்திருப்போர் இருவர் சந்திக்கும் இடத்தில், ரிவர்ஸ் கியர் கரகரவென்று அலறுகிறது, முதல் கியர் விழ மறுக்கிறது என்று ஒருவர் சொல்லி வாய் மூடுமுன், "பிளேட் தேய்ந்துபோயிற்று ஐயா, கியர் பாக்ஸை இறக்கிக் கிளட்ச் செட்டையே மாற்றிவிடும்" என்று மற்றவர் தீர்ப்புக் கூறிவிடுவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. காரணகாரிய சம்பந்தம் இவ்வளவு குறைந்த பிரமை பட்டறை உலகில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தேய்ந்த பிளேட்டின் லட்சணம் என்ன? ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இறுகி நிற்க வேண்டியது, பிடி தளர்ந்து வழுக்கும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் மட்டும் இரையும், வண்டி ஊரும், தீய்ந்த வாடை வரும். பிடிக்க வேண்டிய சமயத்தில் பிடிக்காமை அதன் தோஷம். கியர் விழாமையோ, விட வேண்டிய சமயத்தில் விடாமை. நேர்விரோதமான இவ்விரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதிக்கொடுப்பவரை என்னவென்று சொல்வது!

மிதியை முழுவதும் அழுத்தியும் பிரஷர் பிளேட் பின்வாங்குவது ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. அந்த அற்ப தூரத்தில் ஒரு பகுதியை வழியில் எங்கேனும் இழந்துவிட்டால், பிளேட் ஃப்ளைவீலோடு உரசிச் சுழன்றுகொண்டேயிருக்கும், கியர் பாக்ஸுக்குள் செல்லும் ஷாஃப்டும் நிற்காது, பற்கள் மோதும். ஆகவே முதலில் தேட வேண்டியது, தூரம் எங்கே களவு போகிறது என்பதைத்தான். மிதிக்கு அடியில் மடிந்து கிடக்கும் தடித்த ரப்பர் விரிப்பே கள்வனாக இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மாருதி 800 போன்ற கேபிள் வண்டிகளில் கேபிள் நீண்டு, மிதி வெறுமனே இறங்கும் தூரம் அதிகரித்திருக்கும். ஃபோர்க் முனையிலுள்ள நட்டைத் திருகினால் தீரக்கூடிய உபத்திரவம் அது. ஹைட்ராலிக் வண்டியில், மிதியை நாலைந்து தரம் விரைந்து அழுத்திய பிறகே கியர் விழுமானால், காற்று புகுந்திருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் ஓய்ந்திருக்கிறது. மிதிக்கு மேலே புஷ் ராட் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவியும், கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கியும் பாருங்கள். வழவழப்பான ஈரம் பட்டால் விடை கிடைத்துவிட்டது.

பரீட்சை வேண்டுமா? சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் கிளட்சை அடிமட்டம்வரை மிதித்து, பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸைப் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோமெஷ் இல்லாமையால், பொறுக்காமல் போட்டால் நல்ல கிளட்சும் அலறும். பொறுத்த பின்னும் அலறினால் கிளட்ச் விடவில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகும் எல்லாக் கியரும் முரண்டு செய்தால், குற்றவாளி கிளட்சன்று. லீவரின் இணைப்புகளையோ கியர் பாக்ஸையோ சோதிக்க வேண்டும்.

பிளேட் ஒருபோதும் குற்றமற்றது என்று நான் வாதிக்கவில்லை. அது வளைந்திருக்கலாம், ஸ்பிளைனில் துரு ஏறி நகராதிருக்கலாம், ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நீரில் நின்ற வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு அந்தத் துருவின் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கியர் பாக்ஸை இறக்குவது கடைசிப் பிரயோகமேயன்றி முதலாவதன்று.

மிதிமேல் காலை வைத்தபடியே ஓட்டுவதால் கியர் விழாமற்போகும் என்பர். அந்தத் துர்ப்பழக்கம் கெடுப்பது ரிலீஸ் பேரிங்கையும் பிளேட்டின் பிடியையும். கியர் ஆயிலை மாற்றினால் நிவர்த்தியாகும் என்பது வீண் ஆசை. பெல் ஹவுசிங் துவாரத்தில் பெட்ரோல் ஊற்றிக் கழுவச் சொல்பவரைப் பட்டறைக்கு வெளியே நிறுத்துங்கள். நெருப்போடு விளையாட அவருக்கு வேறிடம் கிடைக்கும்.

இனி என் நெடுநாள் ஆவலாதி. ஹைட்ராலிக் கிளட்சில் ஓடுவது பிரேக் ஆயில்தான். சில வண்டிகளில் இரண்டுக்கும் டப்பாவும் ஒன்றே. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடைய அதை இரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்ற வேண்டும் என்றால், பிரேக்குக்குச் சம்மதிப்பவர்கூட கிளட்சுக்கு முகம் சுளிக்கிறார். உள்ளே துருப்பிடித்துப் புள்ளி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் எத்தனை நாள் நிற்கும்? மாற்றும்போது, அலமாரியில் மூடி திறந்தபடி மாதக்கணக்காய்க் கிடக்கும் டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். சீல் உடையாத டப்பாவை வாங்கி, உங்கள் கண்ணெதிரில் திறக்கச் சொல்லுங்கள்.