ஓவியத்தில் பறவை: அழகு, போர், விடுதலை

கலைஞன் தீட்டும் பறவையில் அவன் காலத்து மாந்தர் போற்றிய பொருளும் கலந்து நிற்கும். அப்பொருளை அழகு, போர், விடுதலை என மூவகையாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் ஒரு சான்றினை ஈண்டு நோக்குவோம்.

அழகிற்குச் சான்று சித்தன்னவாசல். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள இச்சமணக் குடைவரையின் விதானத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டினர் தாமரைப் பொய்கை ஒன்றைத் தீட்டினர். மலர் கொய்வோர், யானை, மீன் ஆகியவற்றினூடே அன்னங்களும் நீந்துகின்றன. ஒன்றையொன்று அஞ்சாமல் பல்லுயிரும் கூடி வாழ்தலே அப்பொய்கையின் அழகு.

போருக்குச் சான்று விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம் நடுகல். ஓவியத்தின் உடன்பிறப்பாகிய சிற்பக்கலையைச் சார்ந்தது இது. முகையூர் மேற்சேரிக்காகப் பொருது மடிந்த சேவலின் உருவை, பழைய வட்டெழுத்துடன் இக்கல்லில் பொறித்துள்ளனர். வீரனுக்குரிய சிறப்பு கோழிக்கும் கிடைத்தது. எனினும் அச்சேவல் தனக்காகப் போரிடவில்லை. சேரியின் மானம் அதன் காலில் ஏற்றப்பட்டது. கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசுச் சேவற்கட்டினை அறிந்த கொங்கு மக்களுக்கு இஃது எளிதில் விளங்கும்.

விடுதலைக்குச் சான்று உஸ்தாத் மன்சூரின் சைபீரியக் கொக்கு. 1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீரின் அவையில் விளங்கிய இவ்வோவியர், 'நாதிருல் அஸ்ர்', அஃதாவது 'காலத்தின் அற்புதம்' என்னும் பட்டம் பெற்றவர். எல்லைகளைக் கடந்து பல்லாயிரம் கல் பறந்து வந்த விருந்தாளியை அவர் நுணுகி நோக்கி வரைந்தார். ஆனால் வழியில் வேட்டையாடப்பட்டும் நீர்நிலைகளை இழந்தும் அக்கொக்கினம் அருகிற்று. 2002க்குப் பின் பரத்பூருக்கு அது வரவில்லை. ஓவியம் இருக்கிறது, பறவை இல்லை.

இம்மூன்றும் உணர்த்தும் உண்மை யாது? குறியீட்டைப் போற்றிப் பறவையை மறப்போமாயின், எஞ்சுவது வண்ணம் மட்டுமே. பறவையியலறிஞர் சாலிம் அலியின் பெயரால் 1990இல் ஆய்வு மையம் ஒன்று அமைந்தது நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில்தான். சிங்காநல்லூர்க் குளமும் ஈரோட்டு வெள்ளோடும் நமக்கு அண்மையிலேயே உள்ளன. தூரிகை ஏந்தும் மாணவர் முதலில் அக்கரைகளில் அமைதியாக நின்று, கூர்ந்து காணக் கற்பாராக. அங்கு நீர் நிலைக்கவும் சிறகுகள் தங்கவும் காப்பது, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் பொதுவான கடமையாகும்.